வந்து சேர்ந்த நேரம்

நெடுஞ்சாலையைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக இருந்தது. எங்கள் பக்கத்துக்காரன் ஒருவனுக்கு அந்த ஆசை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று மூன்று ஊர்களின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் லாரியின் ஞாபகம் வராத தமிழர்கள் குறைவு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எங்கெங்கோ போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடுகின்றன. சங்ககிரியில் வீட்டுக்கு ஒரு டிரைவர் என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் ரொம்ப மிகை அல்ல.

ஆகவே நாவலுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் மனசில் தயாராக இருந்தன. ராத்திரி, தூறல், எதிரே வருகிற வெளிச்சம், சாலையோரத்து டீக்கடையில் பழைய பாட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பழசையெல்லாம் நினைத்துக்கொள்ளும் கதாநாயகன். நாம் பார்த்த சினிமாவிலும் படித்த கதைகளிலும் லாரி எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஒரு கொலையோ காதலோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் லாரி வைத்திருக்கும் ஒருவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். லாரி வைத்திருப்பவர் என்றதும் பெரிய முதலாளி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே வண்டி. அதற்கு அவரே சொந்தக்காரர், அவரே டிரைவர், கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகு அவரே கிளீனர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்று சொல்லி, நாலு எழுத்துப் படித்தவன் என்பதற்காகக் கூடவே ஒரு ‘ங்க’வும் சேர்த்துக்கொள்வார்.

“ரோட்டைப் பத்தி எழுதப் போறீங்களா தம்பி? எழுதுங்க. ஆனா நாங்க ரோட்டுல இருக்கறது கொஞ்ச நேரந்தானுங்க” என்றார்.

“மிச்ச நேரமெல்லாம் எங்கே அண்ணா?”

“கேட்டுல.”

அடுத்த லோடுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதன் பெயர் வேண்டாம். மற்றத் தொழிற்சாலைகளைவிட அது மோசம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. போய்ச் சேர்ந்தோம் என்றால் அதன் மதில் சுவருக்கு வெளியே, சாலை ஓரத்தில், முன்னால் நின்ற லாரிகளின் வாலில் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் இறங்கி நடந்து போய்க் காவல்காரரிடம் ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாவற்றையும் காட்டினார். ஒரு டோக்கன் கொடுத்தார்கள். 43. எண் மட்டும் இருந்தது. மணி எழுதவில்லை.

எங்களைக் கூப்பிட்டது சாயங்காலம் நாலு மணிக்கு. காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி எடை போட்டார்கள். பிறகு ஏற்றும் மேடை. ஆறு மணிக்கு ஷிப்டு மாறியது. பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வருவதற்கு முக்கால் மணி. லோடு ஏறி, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, மறுபடியும் எடை போட்டபோது எட்டரை. அதற்கப்புறம் பில் வர வேண்டும். சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். முற்காலத்தில் குமாஸ்தா சாப்பிடப் போயிருப்பார், இப்போது சர்வர் போயிருக்கிறது. பில் வந்து, வாசல் சீட்டு வாங்கி, வெளியே வரும்போது மணி பதினொன்று.

அந்தப் பகல் முழுவதும் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். சாலையோரத்தில் ஒரே ஒரு வேப்ப மரம். அதன் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே நகர, முப்பது நாற்பது பேர் அதோடு நகர்ந்தோம். அண்ணன் லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து சின்னக் காஸ் அடுப்பை எடுத்து அரிசி பருப்புச் சாதம் வைத்தார். ராஜஸ்தான்காரர் ஒருவர் ரொட்டி சுட்டார். எங்களுக்கும் இரண்டு கொடுத்து, எங்களிடமிருந்து வெங்காயம் வாங்கிக்கொண்டார். தூங்கலாம் என்றால் முடியாது. பத்து லாரி நகர்ந்தால் நாமும் பத்து லாரி தூரம் நகர்த்த வேண்டும். கண்ணயர்ந்துவிட்டால் பின்னால் இருப்பவன் முன்னால் போய்விடுவான். தொழிற்சாலைக்குள்ளே கக்கூஸ் இருந்தது, சுத்தமானது என்றும் சொன்னார்கள். ஆனால் உள்ளே போவதற்கு டோக்கன் எண் வர வேண்டும்.

வெயில் காலம் வேறு. 2025-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆந் தேதி முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று சர்க்கார் விதித்திருப்பதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நல்ல காரியம். அண்ணனுடைய வண்டி அதற்கு முந்தியது. அது கிடக்கட்டும், புது வண்டிக்காரர் ஒருவரும் எங்களோடு வேப்ப மரத்தடியில்தான் இருந்தார். எஞ்சினை ஓட விட்டால்தான் குளிர்ச்சி. நிற்கிற வண்டிக்கு டீசல் செலவழிக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

இவ்வளவு லாரிகள் ஒரே நாளில் ஏன் வந்தன என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் தேதியைக் கேட்டார். 28 என்றேன். “அதானுங்க” என்றார். மாசக் கடைசிக்குள் இவ்வளவு சரக்கு விற்றாக வேண்டும் என்று கம்பெனிகள் தங்கள் விற்பனைச் சிப்பந்திகளுக்குக் கணக்கு வைக்கின்றன. முதல் இரண்டு வாரம் எல்லாரும் சாவகாசமாக இருப்பார்கள். கடைசி வாரத்தில் முழுச் சரக்கையும் வாசலுக்கு வெளியே தள்ளுவார்கள். முதல் வாரத்தில் லோடு கிடைக்காமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருந்த அதே டிரைவர், கடைசி வாரத்தில் லோடு கிடைத்துத் தொழிற்சாலை வாசலில் காத்திருப்பார்.

அன்று இரவு வண்டி ஓடியது. நாவலுக்காக நான் எதிர்பார்த்திருந்த பத்து மணி நேரம் அதுதான். 350 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் இரண்டு டீ. அழகாகத்தான் இருந்தது. என் கவனத்தை இழுத்தது வேறு விஷயம். சாலையில் எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கு இருக்கிறது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததோடு மாநில எல்லைகளில் இருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். அங்கே லாரிகள் மணிக்கணக்கில் நின்றது அதோடு தீர்ந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. அந்த வருஷம் மே மாசத்தில், நெரிசல் வேளையிலும் ஒரு வண்டிக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று நெடுஞ்சாலை ஆணையம் ஒரு நெறிமுறை எழுதியது. பத்து விநாடி! சரக்கோடு போகும் ஈ-வே பில்லுக்கும் ஆயுள் உண்டு: முன்பு ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று இருந்தது, 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டர். சாலையில் லாரி தாமதித்தால் கேட்பதற்குச் சர்க்கார் உண்டு, சரக்குக்காரர் உண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியும் உண்டு. வாசலில் தாமதித்தால் கேட்பாரில்லை.

காலை ஒன்பது மணிக்குச் செங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கை அடைந்தோம். கிடங்கு நிரம்பியிருந்தது. உள்ளே இருப்பது வெளியே போனால்தான் வெளியே இருப்பது உள்ளே வரலாம். நாங்கள் 28-ஆந் தேதி பட்ட அவஸ்தையின் மறுபாதி இங்கே இருந்தது: மாசக் கடைசியில் எல்லாத் தொழிற்சாலைகளும் தள்ளிவிட்ட சரக்கு எங்கேதான் போகும்? இறக்காத சரக்கை மழையிலும் வெயிலிலும் காப்பாற்ற அண்ணனின் தார்ப்பாய் இருக்கிறது. ராத்திரி காவலுக்கு அண்ணன் இருக்கிறார். கிடங்குக்கு வாடகை உண்டு, காவல்காரருக்குச் சம்பளம் உண்டு. லாரிக்கு இரண்டும் இல்லை. இடம் போதாத வியாபாரிக்கு இதைவிடச் சல்லிசான கிடங்கு எங்கே கிடைக்கும்?

சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்காக நின்ற காட்சியைச் சென்னை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்த நெரிசலுக்குப் பரிகாரமாகத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரைக்கும் ஒரு மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. 2022 மே மாசத்தில் அதே சாலைக்கு, இரண்டடுக்காக, மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். டிரைவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் நிற்கிறார்கள்; சாலையே பத்து வருஷம் நின்றது என்று ஆறுதல் சொல்லலாம்.

மத்தியானம் அண்ணனுடைய முகம் மாறியிருந்தது. கேட்டேன். சொல்லவில்லை. மறுபடியும் கேட்டபோது சொன்னார். மறு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நாள் குறித்தவரே அவர்தான். ஏற்ற ஒரு பகல், ஓட ஓர் இரவு, இறக்க ஒரு பகல், திரும்ப ஓர் இரவு. அதற்கு மேலும் அரை நாள் கையிருப்பு வைத்துத்தான் குறித்திருந்தார். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவரின் கணக்கு அது.

“நீங்கள் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுங்கள் அண்ணா. வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

“பாத்துக்குவீங்க தம்பி. கூப்புட்டா நகர்த்தறது ஆருங்க?”

எனக்குச் சைக்கிள் தவிர வேறு வாகனம் ஓட்டத் தெரியாது. கூப்பிடும்போது வண்டி நகராவிட்டால் டோக்கன் போய்விடும், மறுபடியும் வால். அவர் கிடங்குக் காரியாலயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அங்கே இருந்த இளைஞன் கெட்டவன் அல்ல. “எல்லாருக்கும் வீட்ல ஏதாவது இருக்குண்ணே” என்றான். அதுவும் வாஸ்தவம்தான்.

ராத்திரி வண்டியின் மேல் தார்ப்பாயில் படுத்துக்கொண்டோம். கொசு அதிகம். மறு நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு வாசல் திறந்தது. பகல் இரண்டு மணிக்கு லோடு இறங்கியது. அண்ணன் வீட்டுக்குப் போன் செய்து, “உங்கண்ணனை முன்னால உக்காரச் சொல்லு. நான் லோடு இறக்கப் போயிருக்கேன்னு சொல்லிப் போடு, வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றார். பெண்ணிடம் பேசவில்லை. பிறகு ஐந்து மணி வரைக்கும் போனை எடுத்து எடுத்து மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கிய சரக்குக்கு அத்தாட்சியாக லாரி ரசீதில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. அந்த இளைஞன் நிரப்பிக் கொடுத்ததை நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளே வந்த நேரம்: காலை 11.40. வெளியே போன நேரம்: பகல் 2.00. காகிதத்தின்படி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மணி இருபது நிமிஷத்தில் லோடு இறக்கி அனுப்பிவிட்டார்கள்! முந்தின நாள் காலை ஒன்பது மணியிலிருந்து அந்த மதில் சுவரின் கீழே இருந்த நாங்கள் இருவரும் எங்கேயும் இல்லை.

லாரி வாடகை, டன்னுக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று பேச்சு. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கும் பெரும்பாலும் டிரிப்பை வைத்துத்தான் படி. மாசத்துக்கு இத்தனை டிரிப் அடித்தால்தான் வண்டித் தவணை கட்டலாம். அதற்கு மேல் நின்றால் ‘ஹால்டிங்’ என்று ஒரு தொகை உண்டு. அண்ணனின் புரோக்கர் பேச்சில், முதல் நாள் இலவசம், இரண்டாம் நாளிலிருந்து கணக்கு. ஆனால் ஹால்டிங் கேட்டுப் போனால் அந்த முத்திரை போட்ட காகிதத்தை எடு என்பார்கள். காகிதத்தில் இருப்பது இரண்டு மணி இருபது நிமிஷம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் சிநேகிதர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். (2020-இல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றுக்குள் அது பின்னர் போய்ச் சேர்ந்துவிட்டது.) ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம், ஒற்றை வண்டிக்கார அண்ணனுக்கு அதில் ஆதியிலிருந்தே இடமில்லை. இருந்தாலும் அதில் வேலை நேரம் என்றால் என்ன என்று விளக்கியிருந்த இடம் எனக்கு ரொம்ப ருசியாக இருந்தது. வண்டி ஓடும்போது செய்யும் வேலை, அதைச் சார்ந்த மற்ற வேலைகள், இவற்றோடு போய்ச் சேர்ந்த இடத்தில் சும்மா ஆஜராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான். ஆனால் அது 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்!

நான் இரண்டு தடவை படித்தேன். 14 நிமிஷம் காத்திருந்தால் வேலை. 14 மணி நேரம் காத்திருந்தால்? அவ்வளவு நேரம் கிடைத்தால் மனிதன் வீட்டுக்குப் போவான், தூங்குவான், இஷ்டப்படி இருப்பான் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். பஸ் டிப்போவில் இருக்கும் கண்டக்டருக்கு அது பொருந்தும். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிழலோடு நகர்கிறவனுக்கு எப்படிப் பொருந்தும் என்று சிநேகிதரைக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதே 15 நிமிஷத்தை இன்னோர் இடத்தில் சந்தித்தேன். அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் தணிக்கை அதிகாரி 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்த நாட்டில் ஏற்றவும் இறக்கவும் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால்தான் தாமதம். சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி தங்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால், விபத்து நேரும் என்று எதிர்பார்க்கும் வீதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்று அந்த அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. நின்ற நேரத்தை ஓடிப் பிடிக்கிறான் மனிதன். அங்கே 15 நிமிஷத்துக்கு இவ்வளவு என்றால், இரண்டு ராத்திரி அரைத் தூக்கத்தோடு திரும்புகிற நம் ஆட்களுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் அன்று ராத்திரியே திரும்பும் லோடு ஒன்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். தூங்காமல் அவரோடு பேசிக்கொண்டே வந்ததுதான் அந்தப் பிரயாணத்தில் நான் செய்த ஒரே உபயோகமான வேலை.

ரயில் வாகனில் வந்த சரக்கை நேரத்துக்குள் இறக்காவிட்டால் ரயில்வேக்கு டெமரேஜ் கட்ட வேண்டும். வியாபாரிகள் அந்தச் சொல்லைக் கேட்டாலே எழுந்து உட்காருவார்கள். அந்தச் சொல் கப்பலோடும் சேர்ந்தது. கப்பல் சமாசாரத்தை விசாரித்தபோது எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. சரக்கு ஏற்றி இறக்க இத்தனை நேரம் என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். கப்பல் வந்தவுடன் காப்டன் ‘நான் தயார்’ என்று ஒரு நோட்டீஸ் கொடுக்கிறார். கடிகாரத்தின் முள் அந்த நோட்டீஸை வைத்து நகர ஆரம்பிக்கிறது. துறையில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நோட்டீஸ் செல்லும் என்றே பல ஒப்பந்தங்களில் ஒரு வாசகம் சேர்ப்பது வழக்கம். கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் ஏறும். நேரம் தாண்டினால் சரக்குக்காரர் டெமரேஜ் கட்டுவார். சீக்கிரம் முடித்துவிட்டால் கப்பல்காரர் அவருக்குக் கொஞ்சம் திருப்பித் தருவதும் உண்டு. பெரும்பாலும் டெமரேஜில் பாதி வீதம். ஆகவே இரு தரப்புக்கும் அவசரம்.

லாரியும் கப்பலும் சுமப்பது ஒரே சரக்குத்தான். ஒன்றில் வந்து சேர்ந்தவர் தாம் வந்த நேரத்தைத் தாமே எழுதிக் கொடுக்கிறார். மற்றதில் காக்க வைத்தவர் எழுதுகிறார்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் அண்ணனிடம் இந்தக் காப்டன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“நோட்டீசு குடுத்தா அதை வாங்கிக்குவாங்களா?” என்றார்.

“வாங்கிக்கொள்ள வேண்டும் அண்ணா. ஒப்பந்தம்.”

“அப்ப அங்கே செக்யூரிட்டி இல்லீங்களா?”

பெண் விஷயம் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். ஆனால், அப்பா ஏன் இல்லை என்று இரண்டு தரம் கேட்டார்களாம். மறுபடியும் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். இந்தத் தடவை நாள் குறிக்கும் பொறுப்பை மைத்துனரிடம் விட்டுவிட்டார். லோடு எடுக்காமல் அந்த வாரம் முழுவதும் வீட்டிலேயே இருக்கப்போவதாகச் சொன்னார். வண்டித் தவணைக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவர் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறார். எந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் முதல் காரியமாக வண்டியை விட்டு இறங்கி, கம்பெனியின் பெயர்ப் பலகையும் தம் வண்டியின் நம்பர் பலகையும் தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுக்கிறார். அதைப் புரோக்கருக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். அனுப்பிய நேரம் அதில் தானாகப் பதிவாகிவிடுகிறது. எனக்கும் ஒரு பிரதி வருகிறது. விடியற்காலை நாலு மணிக்கும் வரும். இருட்டில் ஒரு மதில் சுவர், ஒரு கேட், பாதி நம்பர். புரோக்கர் பதிலுக்குக் கட்டைவிரல் காட்டுகிறாராம். போன மாசம் ஒரு தடவை அரை நாள் ஹால்டிங் கொடுத்தார்கள் என்று சொன்னார்.